தலைமன்னார்த் தீடைகளுக்குப் போகலாமா? கடல் நடுவே உள்ள தேசியப் பூங்காவில் எது அனுமதி, எது குற்றம்

தலைமன்னாருக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீடைகளின், அதாவது தண்ணீருக்கு மேல் தலைகாட்டும் மணல் திட்டுகளின், படங்கள் முகநூலிலும் யூடியூப்பிலும் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: அங்கே போகலாமா, கூடாதா? ஒருவர் போய்வந்து படம் போடுகிறார். இன்னொருவரின் படகைக் கடற்படை பாதி வழியில் திருப்பி அனுப்புகிறது. அனுமதி எடுத்துப் போனவர்களில் சிலருக்கோ, தீடையைச் சுற்றிக் காட்டுகிறார்கள், இறங்க விடுவதில்லை. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தாலும் இவை எல்லாமே ஒரே சட்டத்துக்குள் நடக்கக்கூடியவை.

இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் இந்தத் தொடரின் இலங்கைப் பகுதி 2015 ஜூன் 22 இல் தேசியப் பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 18,990 ஹெக்டேயர். பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம். ஊர்ப் பூங்காவுக்குப் போகிற மாதிரி, உள்ளே நுழையக் காசு கட்டினால் பிறகு நம் விருப்பம் என்று எண்ணிக்கொண்டு போவதில்தான் முக்கால்வாசிப் பிரச்சினையும் தொடங்குகிறது. தெருவில், தடை செய்யப்படாதது எல்லாம் அனுமதி. தேசியப் பூங்காவில் அது தலைகீழ்: அனுமதிப்பத்திரத்தில் இல்லாதது எல்லாம் தடை.

பூங்கா எங்கே தொடங்குகிறது

மணலில் கால் வைத்தால்தான் பூங்காவுக்குள் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 18,990 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 190 சதுர கிலோமீற்றர். மன்னார்த் தீவின் நிலப்பரப்பே அதைவிடச் சிறியது. தீடைகளை எல்லாம் சேர்த்து அளந்தாலும் இந்தப் பரப்பில் அவை சிறு துண்டுகள்தான். ஆகவே பூங்காவின் பெரும்பகுதி தண்ணீர்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் வருகின்றன. "நாங்கள் இறங்கவில்லை, படகில் நின்றுதான் பார்த்தோம்" என்பது ஒரு பதில் ஆகாது. படகு எல்லைக்குள் வந்தவுடனேயே பூங்காவுக்குள் நுழைந்தாயிற்று. மற்றது, இந்த எல்லைக்குக் கல்லும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. வர்த்தமானியின் அட்டவணையில் எழுதியிருப்பதுதான் எல்லை. கரையில் நின்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கைபேசி வரைபடத்தில் தெரியும் பச்சைக் கட்டமும் சட்டப்படியான எல்லை அல்ல.

தீடைகளும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. வடகிழக்கு வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு திசையிலும் தென்மேற்குச் சோளகக் காற்றில் மறு திசையிலும் நீரோட்டம் மணலை இழுத்துச் செல்கிறது. போன வருடம் இருந்த நுனி இந்த வருடம் தண்ணீருக்குள் இருக்கலாம். தீடைகளை எண்ணால் குறிப்பிடும்போதும் கவனம் வேண்டும்: இந்தியச் செய்திகளில் பெரும்பாலும் தனுஷ்கோடிப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள், இங்கே தலைமன்னாரிலிருந்து. ஒருவருடைய மூன்றாம் தீடை மற்றவருடைய மூன்றாம் தீடை அல்ல.

பக்கத்துப் பக்கத்தில் வேறு வேறு சட்டம்

வன்னியின் மேற்குக் கரையில் குழப்பம் கூடுவதற்குக் காரணம், ஒரே நாளில் ஒருவர் மூன்று வகைப் பாதுகாக்கப்பட்ட இடங்களைக் கடந்து போகலாம் என்பது. எல்லாம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆனால் வகை வேறு.

1. சரணாலயம். மன்னார்ப் பாலத்துக்கு வரும் வழியில் உள்ள வங்காலை இந்த வகை. 2008 இல் அறிவிக்கப்பட்டு, 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமும் ஆனது, 4,839 ஹெக்டேயர். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், வீதி இருக்கலாம், ஊர் இருக்கலாம். நுழைய அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பெருவீதி ஓரத்தில் வாகனத்தை நிறுத்திப் பூநாரையைப் பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விலங்கைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் அரச காணியில் மரம் வெட்டுவதும் அங்கேயும் குற்றம்.

2. இயற்கை ஒதுக்கம். 2016 இல் அறிவிக்கப்பட்ட விடத்தல்தீவு இதற்கு உதாரணம். அங்குள்ள மக்களின் மரபான பாவனைகளுக்கு இந்த வகையில் சட்டம் இடம் வைத்திருக்கிறது, கட்டுப்பாட்டோடு. இந்த ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக நீக்கும் வர்த்தமானி 2024 இல் வந்து நீதிமன்றம் வரை போனது பலருக்கு நினைவிருக்கும்.

3. தேசியப் பூங்கா. ஆதாம் பாலம், மடு வீதி, சுண்டிக்குளம் மூன்றும் 2015 இல் ஒன்றாக இந்த நிலைக்கு வந்தவை. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகள் சரணாலயமாக இருந்தது. 2015 இல் வகை உயர்ந்ததும் விதியும் மாறியது. இங்கே அனுமதிப்பத்திரம் கட்டாயம். எதற்காக நுழையலாம் என்பதையும் சட்டமே சொல்கிறது: தாவரங்களையும் விலங்குகளையும் பார்ப்பதற்கும் படிப்பதற்கும்.

இதற்கும் மேலே இறுக்கமான இயற்கை ஒதுக்கம் என்று ஒரு வகை உண்டு, அங்கே பார்வையாளருக்கு இடமே இல்லை, ஆய்வாளர் மட்டும். வன்னியில் நாம் பேசும் இடங்கள் அந்த வகையில் இல்லை.

வன பாதுகாப்புத் திணைக்களத்தின் காடுகள் வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தின் இடங்கள் வேறு. முன்னதற்கு 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். இரண்டு திணைக்களத்தையும் ஊரில் "வன இலாகா" என்றே சொல்வதால், ஒரு அலுவலகத்தில் வாங்கிய கடிதத்தை மற்ற அலுவலகத்தின் இடத்துக்குக் கொண்டுபோய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் அங்கே செல்லாது.

இணையத்தில் தேடினால் இன்னொரு குழப்பமும் வரும்: மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. அது தமிழ்நாட்டுப் பக்கம், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்டது, 1986 இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு இந்தியச் சட்டம். அங்கே கண்ணாடிப் படகு ஓடுகிறது என்பதால் இங்கேயும் ஓடும் என்று பொருள் இல்லை.

அனுமதிப்பத்திரம் எதை எல்லாம் தருகிறது

சாதாரணப் பார்வையாளர் அனுமதி நான்கே நான்கைத் தருகிறது: குறித்த நாளில், பகல் நேரத்தில் நுழையலாம், உத்தியோகத்தர் அல்லது வழிகாட்டி காட்டும் பாதையில் போகலாம், பார்க்கலாம், கையில் இருக்கும் கமராவால் படமெடுக்கலாம். இதற்கு வெளியே உள்ளவற்றுக்குத் தனித்தனி அனுமதி வேண்டும்.

ட்ரோன் பறக்கவிடுவது இதில் சேராது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி கையில் இருந்தாலும் பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஒப்புதல் வேறாக வேண்டும். தீடைகள் எல்லைக்கடலில் இருப்பதால் பாதுகாப்புத் தரப்பும் குறுக்கே வரும். திருமணப் படப்பிடிப்பு, விளம்பரம், குறும்படம் ஆகியவை வணிகப் படப்பிடிப்பு, அதற்கு வேறு விண்ணப்பம். மாணவர் ஆய்வு என்றால் பத்தரமுல்லைத் தலைமையகத்துக்கு ஆய்வுத் திட்டத்தோடு எழுத வேண்டும், அது வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் எடுக்கும். ஒரு போத்தல் கடல்நீரோ ஒரு பிடி மணலோ "சாம்பிள்" என்று எடுப்பதும் ஆய்வுதான், அதற்கும் எழுத்தில் அனுமதி தேவை.

இரவு தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. நாட்டின் மற்றப் பூங்காக்களில் திணைக்களத்தின் விடுதியோ ஒதுக்கிய கூடார இடமோ முன்பதிவு செய்தால் தங்கலாம். தீடைகளில் அப்படி ஒன்றும் இல்லை. மரநிழல் இல்லை, குடிநீர் இல்லை, மலசலகூடம் இல்லை. பொழுது சாய்வதற்குள் கரைக்குத் திரும்ப வேண்டும்.

கட்டணத்தை எண்ணாக இங்கே தருவதில் பயனில்லை, வர்த்தமானி மூலம் அது மாறிக்கொண்டே இருக்கும். உள்நாட்டவர், சார்க் நாட்டவர், பிற வெளிநாட்டவர் என்று வேறு வேறு தொகை. அதன் மேல் சேவைக் கட்டணம், வரி. படகுக் கூலி இதில் சேராது. தாயகம் வந்த உறவினர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தமிழ் பேசினாலும் வெளிநாட்டவர் கட்டணம்தான். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் கையில் கொண்டு போகட்டும்.

தடை செய்யப்பட்டவை, காரணங்களோடு

சட்டத்தில் உள்ள பட்டியல் நீளமானது. தீடைக்குப் போகிறவர் தெரியாமல் மீறக்கூடியவை இவைதான்:

1. தீ மூட்டுவது, தீயைக் கொண்டு போவது. சமைப்பது மட்டுமல்ல, கற்பூரம் கொளுத்துவதும் இதில் அடங்கும். சிகரெட்டும் மதுபானமும் பூங்காக்களில் கூடாது.

2. எதையாவது எடுத்து வருவது. உயிருள்ள சங்கு, கடலட்டை, நட்சத்திரமீன் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் ஓடும், காய்ந்த முருகைக்கல்லும் (பவளக்கல்), கரையொதுங்கிய ஆமை ஓடும்கூட எடுக்கக் கூடாது என்பதுதான் தெரியாது. வெறும் சிப்பிக்குள் துறவி நண்டு குடியிருக்கும்; உடைந்த ஓடும் முருகைத்துண்டும் சேர்ந்துதான் தீடையே உருவாகிறது.

3. முட்டை, கூடு, குஞ்சைத் தொடுவது. கிட்டப்போய்க் கைபேசியால் படம் எடுப்பதும் இனப்பெருக்க இடத்தைக் குழப்புவதாகவே கொள்ளப்படும்.

4. நாய், ஆடு என்று எந்த வளர்ப்பு விலங்கையும் கொண்டு போவது. நாய் ஓடிப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. அதைக் கண்டாலே பறவைக் கூட்டம் எழுந்துவிடும்.

5. தூண்டில், வலை, மண்டா (மீன் குத்தும் ஈட்டி), துப்பாக்கி வைத்திருப்பது. பாவித்தீர்களா இல்லையா என்பது பிறகு. வைத்திருந்ததே குற்றமாகலாம். மீன்பிடிப் படகை வாடகைக்கு எடுத்தால் இதை ஓட்டியிடம் முதலே சொல்லுங்கள்: வலையையும் தங்கூசியையும் கரையில் இறக்கிவிட்டு வரட்டும்.

6. பொலித்தீன், ஒருமுறைப் பிளாஸ்ரிக். சோற்றை வாழையிலையில் கட்டலாம், தண்ணீரை எவர்சில்வர்ப் போத்தலில் கொண்டு போகலாம். பழத்தோல், சோற்றுப் பருக்கை என்று உக்கக்கூடியதையும் போட வேண்டாம். மிச்ச உணவு காகத்தைக் கூட்டி வரும். காகம் வந்தால் அடுத்தது முட்டைதான்.

7. ஒலிபெருக்கி, உரத்த பாட்டு, பட்டாசு.

முருகைக்கல்லுக்குப் பூங்காச் சட்டம் மட்டுமல்ல, 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. கடலாமை, ஆவுளியா (கடற்பசு) இரண்டும் பூங்காவுக்கு உள்ளே வெளியே என்ற வேறுபாடின்றி நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்டவை. வலையில் சிக்கிச் செத்துக் கரையொதுங்கிய ஆவுளியாவாக இருந்தாலும் இறைச்சியை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அறிவிப்பது ஒன்றே செய்யக்கூடியது.

ஏன் இறங்க விடுவதில்லை: ஆலாக்களின் கணக்கு

அனுமதி கொடுத்த பிறகும் சில மாதங்களில் தீடையில் இறங்கத் தடை போடுவது அதிகாரிகளின் பிடிவாதம் என்று பலர் கோபப்படுகிறார்கள். இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் பயண நாளைத் தெரிவு செய்வதும் சுலபமாகிவிடும்.

இந்தத் தீடைகள் இலங்கையில் ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும் மிக முக்கியமான இடங்களில் ஒன்று. ஆலா மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து அதிலேயே ஒன்றிரண்டு முட்டை இடும். முட்டையின் நிறமும் புள்ளியும் மணலோடும் சிப்பித் தூளோடும் ஒன்றிப்போகும். இரண்டடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது, மிதித்த பிறகுதான் தெரியும். குஞ்சும் அப்படியே, ஆபத்து என்றால் ஓடாமல் மணலில் ஒட்டிப் படுத்துவிடும்.

மிதிபடுவதைவிடப் பெரிய சேதம் வெயிலால் வருகிறது. நண்பகலில் அந்த மணலின் சூடு 50 பாகை செல்சியசை எட்டக்கூடும். முட்டைக்குள் இருக்கும் கரு 40 பாகைக்கு மேல் அதிக நேரம் தாங்காது. தாய்ப்பறவை முட்டையின் மேல் நிற்பது பல வேளைகளில் சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. சில பறவைகள் வயிற்று இறகைக் கடலில் நனைத்துக் கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். மனிதர் நடந்து வந்தால் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும். மேலே நூற்றுக்கணக்கான பறவைகள் சுழல்வது படத்துக்கு அழகாக இருக்கும். கீழே அதே எண்ணிக்கை முட்டைகள் நிழலில்லாமல் கிடக்கும். ஒரு குழு அரை மணி நேரம் நின்று படமெடுத்தால் போதும், அந்தப் பக்கத்து முட்டைகள் பொரிக்காமலே போகலாம். அந்த இடைவெளியில் காகமும் நண்டும் வந்து எடுத்துக்கொள்வது தனிக் கணக்கு. கூட்டம் பலமுறை குழப்பப்பட்டால் இடத்தையே கைவிட்டுப் போய்விடும்.

முட்டையிடும் காலம் ஏறக்குறைய ஏப்ரல் பிற்பகுதி, மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. பள்ளிக்கூட ஓகஸ்ட் விடுமுறையும் மடுத் திருவிழாவும் இதற்குள்தான் வருகின்றன. வன்னிக்கு வெளியூர்ச் சனம் கூடுகிற நேரமும் அதுதான். மோதல் அங்கேதான் வருகிறது.

இந்த மாதங்களில் போகிறவர் படகிலிருந்து பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். கூட்டத்திலிருந்து 100 மீற்றருக்குக் குறையாமல் விலகி நிற்பது நல்ல வழக்கம். ஒரு பறவை எழுந்து தலைக்கு மேல் கத்திப் பாயத் தொடங்கினால் நூறு மீற்றரும் போதாது என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.

எந்த மாதம் போவது

காற்றையும் பறவையையும் சேர்த்துப் பார்த்தால் நாட்காட்டி குறுகிப்போகிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம். மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கொந்தளிக்கும், பறவைகளும் முட்டையில் இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை. பாக்கு நீரிணைப் பக்கமான வடகடல் குழம்பும், மழையும் புயலும் வரும் காலம். மிஞ்சுவது பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, அடுத்து ஒக்டோபரில் சில நாட்கள். பெப்ரவரி, மார்ச் என்றால் வங்காலையில் வலசைப் பறவைகளும் இன்னும் நிற்கும். ஒரு பயணத்தில் இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலையும் அன்று காலையும் வானிலை அவதான நிலையத்தின் கடல் அறிக்கையைப் பாருங்கள். "புத்தளம் முதல் மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பிராந்தியம்" என்று வரும் பகுதிதான் தேவை. காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்றால் சிறு ஃபைபர் படகில் பயணிகளோடு போவது புத்தியல்ல, கடற்றொழிலாளருக்குத் தடை விதிக்காத நாளாக இருந்தாலும். அவர்கள் நாலு பேர் தொழிலுக்குப் போவது வேறு, நீந்தத் தெரியாத பத்துப் பேரை ஏற்றிப் போவது வேறு.

கடலில் தவறு நேரும் இடங்கள்

ஆழம் இல்லாத கடல் பாதுகாப்பான கடல் என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது. தீடைகளைச் சுற்றி சில இடங்களில் ஒரு மீற்றர் தண்ணீர்கூட இல்லை. வெளியிணைப்பு எஞ்சினின் விசிறி அரை மீற்றருக்கு மேல் கீழே நிற்கும். ஆழம் குறையும்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோலால் ஊன்றிப் போக வேண்டும். அவசரப்பட்டு ஓட்டினால் விசிறியின் பின் முறியும், படகு மணலில் ஏறி நிற்கும், பக்கவாட்டில் அலை அடித்தால் தண்ணீர் உள்ளே வரும்.

அதே விசிறி கடற்புல் மேடையை உழுதுவிடும். வேரோடு அறுந்த கீற்று மறுபடி மூட வருடக்கணக்கில் எடுக்கும். ஆவுளியாவின் சாப்பாடு ஏறக்குறைய இந்தப் புல் மட்டுமே. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வதும் அதற்குள்தான். நங்கூரத்தைப் புல்லிலோ முருகைப்பாரிலோ போடாமல் வெளிறிய வெறும் மணலில் மட்டும் போட வேண்டும். வெயில் ஏறிய நேரத்தில் படகிலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரிவது புல்லும் பாரும், வெள்ளையாகத் தெரிவது மணல்.

இரண்டு தீடைகளுக்கு இடையில் உள்ள வாய்க்கால்களில் குளிப்பதைத்தான் முற்றாகத் தவிர்க்க வேண்டும். இரண்டு பெரிய கடல்களின் தண்ணீர் இந்தச் சின்ன இடைவெளிகளால்தான் மாறிப் போகிறது. இடுப்பளவு ஆழத்தில் நிற்பவரின் காலுக்குக் கீழுள்ள மணலையே நீரோட்டம் அரித்துக்கொண்டு போகும். அடுத்த தீடை கிட்டத் தெரிகிறது, நடந்து கடக்கலாம் என்று இறங்குவது மிக மோசமான யோசனை.

முருகைப்பார் மீது நடப்பதும் கூடாது. திருகோணமலைப் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கரையிலிருந்தே முருகைப்பாருக்கு இறங்கக்கூடிய அந்த இடத்தில் பார்வையாளர் கூடிய நாட்களில் காலடியால் முறிந்த முருகைகள் எவ்வளவு என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளை முருகை ஒரு வருடத்தில் விரலளவு வளர்வதே பெரிய காரியம்.

கண்ணுக்குத் தெரியாத கோடு

பூங்காவின் மேற்கே இந்திய - இலங்கைக் கடல் எல்லை. பாக்கு நீரிணைப் பக்கம் 1974 ஒப்பந்தத்தாலும் மன்னார் வளைகுடாப் பக்கம் 1976 ஒப்பந்தத்தாலும் அது வரையப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவுதான். 2022 பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறியவர்களில் பலர் இறக்கிவிடப்பட்டது இந்தத் தொடரில் உள்ள தீடைகளில்தான். ஆள்கடத்தல், கடத்தல் சரக்கு என்று இரு நாட்டுக் காவலும் கண் வைத்திருக்கும் இடம் இது. வனசீவராசிகள் அனுமதிப்பத்திரம் இருந்தும் அன்றைக்குக் கடற்படை விடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. இரண்டும் வேறு வேறு அதிகாரம், ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது.

கைபேசி இந்தியச் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழமை. ரோமிங்கை முதலே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பில் தனியாக வரும்.

யாத்திரையாக வருகிறவர்கள்

இராமர் பாலத்தைக் கும்பிட வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகளைவிட அதிக சிக்கலில் மாட்டுகிறார்கள், மனதில் குற்ற எண்ணம் எதுவும் இல்லாமலே. சட்டம் பக்தியைத் தடுக்கவில்லை. நின்று வணங்கலாம், வாய்க்குள் சொல்லலாம். தேங்காய் உடைப்பது, பூவும் பழமும் படைப்பது, கற்பூரம், சாம்பிராணி, கொடி நாட்டுவது, சிறு கல் அடுக்கிப் பீடம் செய்வது ஆகியவை தீ, கழிவு, கட்டுமானம் என்ற தடைகளுக்குள் விழும். அவற்றைப் படகேற முன்னரே கரையில் செய்து முடிப்பது நல்லது. பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம் மாந்தையிலேயே இருக்கிறது.

"மிதக்கும் கல்" கேட்டு வருகிறவர்களுக்கு: முருகையின் எலும்புக்கூட்டுக்குள் காற்றறைகள் உண்டு, நன்றாகக் காய்ந்த இலேசான துண்டு சில நேரம் மிதக்கும். அதைப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையம் வரை போனால், கேள்வி கேட்கப்போவது வனசீவராசிகள் திணைக்களம் மட்டுமல்ல, சுங்கமும்தான்.

படிப்படியாக: என்ன ஆயத்தம்

1. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் மன்னாரில் உள்ள வனசீவராசிகள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அன்றைய நிலையில் தீடைப் பயணம் திறந்திருக்கிறதா, இறங்கலாமா, எந்தப் படகுகளுக்கு ஒப்புதல் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

2. குழுவில் எல்லோருடைய முழுப் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், நோக்கம், நாள், நேரம், படகின் பதிவு இலக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மூன்று பிரதி வையுங்கள். வனசீவராசிகளுக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, கையில் ஒன்று.

3. படகோட்டியிடம் கேட்க வேண்டியவை: பயணிகளை ஏற்ற ஒப்புதல் உண்டா, எத்தனை பேருக்கு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, சிறுவர் அளவில் இருக்கிறதா, மாற்று எஞ்சினோ துடுப்போ உண்டா. கரையில் வந்து "அனுமதி ஒன்றும் வேண்டாம், நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்பவரோடு போகாதீர்கள். பிடிபட்டால் உங்களுக்கு வழக்கு, அவருக்கு வழக்கோடு பிழைப்பும் போய்விடும்.

4. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, உப்புக் கரைசல் பைக்கற், தண்ணீர் புகாத பையில் கைபேசி. செருப்பை விடத் தடித்த அடிச் சப்பாத்து நல்லது, திருக்கை வால் குத்தும் அபாயம் உண்டு. ஆழம் குறைந்த நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு உரசி நடந்தால் திருக்கை விலகிப் போகும்.

5. அதிகாலையில் புறப்பட்டு 11 மணிக்கு முன் திரும்புங்கள். பிற்பகலில் காற்று ஏறும்.

6. திரும்பியதும், புறப்படுமுன் பட்டியல் கொடுத்த இடங்களில் அறிவியுங்கள். கணக்கில் வராத படகு ஒன்று என்றால் தேடுதல் தொடங்கிவிடும்.

மறித்தால் என்ன நடக்கும்

பூங்காவுக்குள் அனுமதியின்றி நின்றாலோ தடை செய்த பொருளோடு பிடிபட்டாலோ, வனசீவராசிகள் உத்தியோகத்தர் கைது செய்து நீதவான் நீதிமன்றத்தில் முற்படுத்தலாம். கடற்படை பிடித்தால் பெரும்பாலும் பொலிஸிடமோ வனசீவராசிகளிடமோ ஒப்படைக்கும். தண்டப்பணத்தைவிடக் கனமானது வேறொன்று: குற்றத்துக்குப் பாவித்த படகு, எஞ்சின், வாகனம், கருவிகள் பறிமுதலாகக்கூடியவை. வாடகைப் படகு என்றால் இழப்பு உரிமையாளருக்கு. அவருக்கு நடந்தது தெரியாது என்று காட்ட வேண்டிய சுமையும் அவருடையதே.

"அங்கே மீன்பிடிப் படகுகள் நிற்கின்றனவே, அவர்களை ஏன் பிடிக்கவில்லை?" என்று அந்த இடத்தில் வாதாடுவது உதவாது. தலைமன்னார், பேசாலைத் தொழிலாளர் தலைமுறையாகப் பாவித்த கடலின் மேல் 2015 இல் பூங்கா எல்லை வந்து விழுந்தது. இயற்கை ஒதுக்கம் என்ற வகை கொடுத்திருந்தால் மரபுத் தொழிலுக்கு எழுத்திலேயே இடம் இருந்திருக்கும். தேசியப் பூங்கா வகையில் அந்த இடம் மிகக் குறுகியது. அவர்களுடைய உரிமை பேசித் தீர்க்கப்பட வேண்டிய நியாயமான விடயம். ஆனால் சுற்றுலா வந்தவர் அந்த நியாயத்தைத் தன் கேடயமாகத் தூக்க முடியாது.

மறித்தவுடன் எஞ்சினை நிறுத்தி, அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டைகளையும் காட்டுங்கள். உத்தியோகத்தர் சொல்லும் பாதை அனுமதியில் உள்ளதோடு வேறுபட்டால் அந்த நேரத்தில் அவர் சொல்வதையே கேளுங்கள், முறைப்பாட்டைக் கரைக்கு வந்து எழுத்தில் கொடுங்கள். பயணம் நடுவில் நிறுத்தப்பட்டால் நுழைவுக் கட்டணம், படகுக் கூலி இரண்டில் எது திரும்பக் கிடைக்கும் என்பதைப் பணம் கட்ட முன்னரே கேட்டு, பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.